கட்டடக்கலை அலுவலகமும் தொலைப்பணியும்

கட்டடக்கலை அலுவலகங்கள் வீடுகளுக்குப் பிரிந்து போனது 2020 மார்ச்சில், பெருந்தொற்று ஊரடங்கால்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கட்டடம் ஓர் ஊரிலும் அதை வடிவமைப்பவர் வேறோர் ஊரிலும் இருப்பது இத்தொழிலின் பழைய வழக்கம். 1454இல் ரோமில் இருந்த கட்டடக்கலைஞர் ஆல்பெர்ட்டி, ரிமினி தேவாலய வேலையைக் கவனித்த மத்தேயோ தே பாஸ்திக்குக் கடிதம் எழுதி, தூண்களின் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டார். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியேயும் பாரிசில் இருந்தபடி வந்து வந்து போனவரே. சைட்டில் தங்கியவர் உறவினர் பியர் ஜான்னரே. ஆக, அலுவலகத்தைக் கட்டிப்போட்டது கட்டடம் அல்ல, காகிதம். டிரேசிங் தாளில் மூல வரைபடம் ஒன்றுதான் இருக்கும். ஒரு தூணை ஓரடி நகர்த்தினால், தளப்படத்தில் பிளேடால் சுரண்டி மாற்றிவிட்டு, வெட்டுத்தோற்றத்தை வரைபவரிடமும் சொல்லியாக வேண்டும். பிறகு அமோனியா வாடையோடு புதிய பிரிண்ட்டுகள். அடுத்தடுத்த மேசைகளில் உட்காராமல் இது நடக்காது.

1982இல் வந்த ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் தாளைக் கோப்பாக்கியது; ஆனாலும் ஆளுக்கொரு கோப்பு, முன்போலவே. 2000இல் வெளியான ரெவிட் மென்பொருள் முழுக் கட்டடத்தையும் ஒற்றைக் கணினி மாதிரிக்குள் கொண்டுவந்தது. எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் அந்த மாதிரியின் மையக் கோப்பு அலுவலக வலைப்பின்னலுக்குள் ஒழுங்காக ஓடியது, வெளியிலிருந்து தொட்டால் தடுமாறியது. அதாவது காகிதம் போன பிறகும் மேசைகளைச் சேர்த்துவைத்தது சர்வர். 2014இல் ரெவிட் மாதிரிகள் கிளவுடுக்குப் போனபோது அந்தக் காரணமும் போயிற்று. ஊரடங்கு வந்தபோது வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

தொலைவு கட்டடத்தைக் கெடுக்கும் என்போர் சிட்னி ஓபரா ஹவுசைக் காட்டுவார்கள். அதை வடிவமைத்த உட்சோன் டென்மார்க்கில், பொறியாளர்கள் லண்டனில். கூரையின் வடிவக் கணக்கு முடியாமலே 1959இல் வேலை தொடங்கியது, செலவு ஏறியது, உண்மைதான். ஆனால் கூரையின் வளைந்த பகுதிகளை ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுக்கும் தீர்வு அந்தத் தொலைவிலிருந்தே பிறந்தது. 1963இல் சிட்னிக்கே குடிவந்த பிறகுதான் அரசோடு பிணக்கு முற்றி, 1966இல் அவர் விலகினார். பழியைத் தொலைவின் மேல் போடுவதைவிட அவசரத்தின் மேல் போடுவதே நியாயம். இளையவர்களின் பயிற்சி பற்றிய ஆட்சேபமோ இவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதல்ல. மூத்தவர் வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்துப் பென்சிலால் திருத்தும்போது, கேட்கப்படாத கேள்விக்கும் பக்கத்தில் நிற்பவருக்குப் பதில் கிடைத்துவிடும். திரை வழியே பேசும்போது கேட்டதற்கு மட்டுமே கிடைக்கும். அலுவலகத்துக்கு இன்று மிஞ்சியுள்ள வலுவான நியாயம் இதுதான். ஆனால் அது கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே நாளில் வந்தால்தான் செல்லும். மூத்தவர் வீட்டில் இருக்க, இளையவரை மட்டும் வரச்சொல்லும் ஏற்பாட்டுக்குப் பொருந்தாது.