பறக்கும் மனிதனும் இரண்டு லென்சுகளும்

சூப்பர்மேன் பிறந்தபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது என்றால் நம்புவீர்களா? 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரு அமெரிக்க இளைஞர்களின் சித்திரக்கதையில் தோன்றிய அவன், தாவ மட்டுமே செய்தான். ஒரே தாவலில் சுமார் 200 மீட்டர்! பறக்கும் ஆற்றல் பின்னரே வந்தது.

1978இல் வெளியான 'சூப்பர்மேன்' திரைப்படத்தில் கிறிஸ்டபர் ரீவ் வானில் பறந்ததைக் கண்டு மக்கள் வியந்தனர். அது எப்படி முடிந்தது? சோரன் பெரிசிச் என்ற நிபுணர், காமிராவிலும் பின்னணியைத் திரையில் வீழ்த்தும் புரொஜெக்டரிலும் ஜூம் லென்சுகளைப் பொருத்தி, இரண்டையும் ஒருசேர இயங்கச் செய்தார். காமிரா எவ்வளவு பெரிதாக்குகிறதோ, அவ்வளவுக்குப் புரொஜெக்டர் பின்னணியைச் சிறிதாக்கும். ஆகவே படத்தில் பின்னணி மாறாது; நடிகரின் உருவம் மட்டும் பெரிதாகும். ஓரிடத்திலேயே இருப்பவர் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதாகக் கண் நம்பிவிடும்!

முடிவில் நாயகன் பூமியை அதிவேகமாகச் சுற்றிவந்து காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறான். இதற்கு இயற்பியலில் இடமில்லை. பூமியின் சுழற்சி நாம் காலத்தை அளக்க உதவும் கடிகாரம், அவ்வளவே. கடிகார முள்ளைத் திருப்பினால் நேற்றைய பொழுது திரும்பி வருமா?

எனினும் வாசகர்களே, படத்தைத் தாராளமாகச் சுவையுங்கள். கதாநாயகன் இயற்கை விதிகளை மீறலாம். அவனைப் பறக்க வைத்தவர்களோ ஒளியியல் விதிகளுக்கு அடங்கியே அந்த விந்தையைச் செய்தார்கள்.