எல்லையோரக் கடைகள்: வில்லியனூர், பாகூர் பகுதிகளும் மதுவிலக்கும்

மது தடை செய்யப்பட்ட இடங்களில் ரகசியக் குடியிடங்கள் தோன்றுவதை உலக வரலாற்றில் பல முறை காண்கிறோம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, நியூயார்க் முதலிய நகரங்களில் மறைவான மதுக்கூடங்கள் பெருகின. அவை 'ஸ்பீக்ஈசி', அதாவது 'மெல்லப் பேசு' என்று அழைக்கப்பட்டன. பம்பாய் மாகாணத்தில் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வந்த பிறகு, வீட்டின் முன்னறையிலேயே பெண்கள் நடத்திய 'ஆன்ட்டி' கடைகள் பெயர் பெற்றன. சென்னை மாகாணத்தின் தென்னாற்காடு மாவட்டத்து மக்களுக்கோ வேறொரு வழியும் இருந்தது. சில வயல்களைத் தாண்டினால் பிரெஞ்சு ஆட்சிப் பகுதி வந்துவிடும்.

எல்லை அமைந்த விதம்

இங்கிலாந்தும் பிரான்சும் 1783இல் செய்துகொண்ட வெர்சாய் உடன்படிக்கையில், புதுச்சேரியுடன் வில்லியனூர், பாகூர் ஆகிய இரு நிலப்பகுதிகளும் பிரெஞ்சுக்காரருக்குச் சேரும் என்று குறிக்கப்பட்டது. ஊர் ஊராகக் கைமாறியதால் எல்லை ஒரே கோடாக அமையவில்லை. இன்றும் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால், வில்லியனூர், அரியூர் தாண்டியதும் தமிழ்நாட்டின் கண்டமங்கலம் வரும். அதன்பின் திருபுவனை, மதகடிப்பட்டு என மீண்டும் புதுச்சேரி ஊர்கள் வரும். பாகூர் கொம்யூனைக் கடலூர் மாவட்டம் சூழ்ந்துள்ளது. முள்ளோடை, சோரியாங்குப்பம் ஆகியவை அதன் எல்லை ஊர்கள்.

இக்கரையில் விலக்கு, அக்கரையில் விற்பனை

இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள், சாராய வரி இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பிரெஞ்சுப் பகுதியில் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே கள்ளுக்கடையும் சாராயக்கடையும் உரிமம் பெற்று வெளிப்படையாக நடந்தன.

இதனால் ஒரே வட்டாரத்தில் இரண்டு விதமான குடி உருவானது. எல்லைக்கு அப்பால் போய்க் குடித்துத் திரும்புவது ஒன்று. போக முடியாதவருக்கு ஊருக்குள்ளேயே தோப்பிலும் ஓடைக்கரையிலும் காய்ச்சி விற்கப்பட்டது மற்றொன்று. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளிக்கவைக்கும் கலவைக்கு 'ஊறல்' என்று பெயர். பானையில் ஊறல் போட்டு மண்ணில் புதைப்பதும், காய்ச்சிய சாராயத்தை லாரி டியூபில் அடைத்துக் கடத்துவதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலர் அறிந்த செய்திகள்.

இணைப்புக்குப் பின்

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் சேர ஆதரவளித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனாலும் தமிழ்நாட்டு மதுவிலக்கு இங்கே வரவில்லை. புதுச்சேரி 1970இல் தனக்கெனக் கலால் சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டில் கொள்கை பலமுறை மாறியது. 1971இல் கடைகள் திறந்தன. 1974இல் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் திரும்பத் திறந்தன. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. இடையில் அரசு விற்ற மலிவு விலை மதுவும் 1991இல் நிறுத்தப்பட்டது. புதுச்சேரியில் கள்ளும் சாராயமும் இன்றும் சட்டப்படி விற்கப்படுகின்றன. ஆகவே எல்லையின் ஈர்ப்பு குறையவில்லை. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக்குப் பின் மதுக்கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வராதிருக்கப் புதுச்சேரி அரசு சிறப்பு வரி விதித்து விலையைச் சமமாக்கியது. விலை வேறுபாடுதான் ஆட்களை இழுக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

விலை கொடுப்பவர் யார்?

சாராயம் சட்டப்படி கிடைக்காத இடத்தில், குவார்ட்டர் பாட்டில் வாங்கப் பணம் போதாத தினக்கூலிக்காரர் பாக்கெட் சாராயத்தை நாடுகிறார். அதில் ஆலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்திருந்தால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிப்பது கடினம். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு வட்டாரங்களில் 20க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரும் இப்படி இறந்தனர். பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். குடித்தபின் கண் மங்கல், வயிற்று வலி, வாந்தி இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே படுக்கவைப்பதால் காப்பாற்றக்கூடிய உயிரும் போகிறது.

வெளிப்படையாகக் கடை நடக்கும் நம் பகுதியில் விஷச்சாராய ஆபத்து குறைவு எனலாம். ஆனால் கூலி கைக்கு வந்த அன்றே கரைவதும், மறுநாள் பிள்ளை பள்ளிக்கு வராததும் கலால் வருமானக் கணக்கில் ஏறுவதில்லை. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகில் கடை வேண்டாம் என்று பெண்கள் மறியல் செய்வது இதனால்தான்.

பெரிய நகரங்களில் இன்று மறைவுக் கதவு வைத்த மதுக்கூடங்கள் வேடிக்கைக்காக நடத்தப்படுகின்றன. அந்தக் கதவு தோன்றிய காரணத்தை எல்லைக் கிராமங்களின் வரலாறு விளக்குகிறது. வில்லியனூர், பாகூர் மாணவர்கள் தங்கள் ஊர் எல்லைக் கல் எங்கே இருந்தது, 1954க்கு முன் அதைத் தாண்டி யார் யார் எதற்காக வந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். அதை நேரில் கண்டவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள்.