இந்திய மருத்துவக் கல்வியில் திறன்சார் முறையும் மாற்றுத்திறனாளிகளும்

மாணவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதைவிட, படித்தபின் என்ன செய்ய வல்லவர் என்பதை அளவுகோலாகக் கொள்வது திறன்சார் கல்வி. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு இம்முறை 2019இல் வந்தது. நோயாளியாக வரும் மாற்றுத்திறனாளியை நடத்தும் முறை, மருத்துவராக விரும்பும் மாற்றுத்திறனாளியின் சேர்க்கை ஆகிய இரண்டையும் ஒட்டி அதன் வரலாறு அமைந்துள்ளது.

முன்னோடிகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவமும் பயின்று, வேலூரில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு அடித்தளமிட்டார். போலியோவால் பாதிக்கப்பட்ட சுரேஷ் அத்வானிக்கு மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரி முதலில் இடம் மறுத்தது. போராடிச் சேர்ந்த அவர் நாட்டின் முன்னணிப் புற்றுநோய் மருத்துவரானார்.

சட்டமும் பாடத்திட்டமும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிட்டது. உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீத இட ஒதுக்கீடு தந்தது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர் முதலியோருக்கான படிப்புகளில் மாற்றுத்திறன் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்றது. தில்லி மருத்துவப் பேராசிரியரும் மாற்றுத்திறனாளியுமான சதேந்திர சிங் உள்ளிட்டோர் வலியுறுத்தியதன் பேரில், 2019 பாடத்திட்டத்தின் அடிப்படைப் பயிற்சியில் இதற்கு 7 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31 அன்று வெளியான புதிய பாடத்திட்ட வழிகாட்டுதலில் அப்பகுதி விடுபட்டது. இதற்கும் வேறு சில பகுதிகளுக்கும் எதிர்ப்பு எழுந்ததால், மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றது.

சேர்க்கை விதிகள்

பாடத்திட்டம் திறனைப் பேசிய அதே 2019இல் சேர்க்கை விதி உடலைப் பார்த்தது. 'இரு கைகளும் முழுமையாக' இருக்க வேண்டும் என்றது அது. பேச்சுக் குறைபாட்டில் ஒரு முரணும் இருந்தது: 40 சதவீதத்துக்குக் குறைந்தால் ஒதுக்கீடு இல்லை, அதை எட்டினால் படிக்கவே தகுதியில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

ஓம்கார் ராமச்சந்திர கோண்ட் வழக்கில் (அக்டோபர் 2024) உச்ச நீதிமன்றம் இம்முரணைக் களைந்தது. சதவீதத்தை மட்டும் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது, அவரால் படிப்பைத் தொடர இயலுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும் என்றது. அதே மாதம் ஓம் ரத்தோட் வழக்கில், தசைச் சிதைவு நோயுள்ள மாணவரின் மாற்றுத்திறன் 88 சதவீதமாகக் கணிக்கப்பட்டிருந்தும் அவருக்குச் சேர்க்கை கிடைத்தது. உரிய கருவிகளும் வசதிகளும் தந்தால் மாணவர் எதைச் செய்ய முடியும் என்பதே கேள்வியாக வேண்டும் என்று தீர்ப்பு கூறியது. அன்மோல் வழக்கில் (பிப்ரவரி 2025) 'இரு கைகள்' விதிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கூறிய நீதிமன்றம், சேர்க்கை வழிகாட்டுதலைத் திருத்துமாறு ஆணையத்தைப் பணித்தது.

மதிப்பீடு

பாடத்திட்டம் முன்வைத்த அளவுகோல் சேர்க்கைக்கும் பொருந்தும் என்பதே இத்தீர்ப்புகளின் சாரம். எந்தெந்தத் திறன்களை மருத்துவர் தம் கையாலேயே செய்து காட்ட வேண்டும், எவற்றைக் கருவியின் துணையோடோ பிறரை வழிநடத்தியோ நிறைவேற்றலாம் என்பதைப் பிரித்து வரையறுக்கும் பொறுப்பு கல்வியாளர்களைச் சார்ந்தது.