அனுமதி கேட்காத ப்ராசஸர்

சில்லு வடிவமைக்கும் மொழியான வெரிலாக் எழுதிப் பிழைத்தவன் நான். 1990களின் கடைசியில் தி.நகர் உஸ்மான் ரோட்டு மாடி ஒன்றில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு ப்ராசஸர் ஒன்றைச் சுற்றித் துணைச் சுற்றுகளை வடிவமைப்பதுதான் வேலை. அந்த ப்ராசஸருக்குள் ஒரே ஒரு புதுக் கட்டளை சேர்க்கலாமா என்று கேட்டோம். உரிமம் இடம் தராது என்றார்கள். பேச்சு அங்கேயே முடிந்தது.

அதனாலோ என்னவோ, அடையாறு ஐஐடியில் ‘சக்தி’ ப்ராசஸர் உருவான கதையில் எனக்குப் பிடித்தது, அது எழுதப்பட்ட மொழிகள்தான்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010ல் தொடங்கியது, சக்திக்கு அடித்தளமான ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளை மொழி. அடிப்படையில் நாற்பது சொச்சம் கட்டளைகளே. பெருக்கல் வேண்டுமா, ‘எம்’ தொகுதியைச் சேர். மிதவைப் புள்ளிக் கணக்கா, ‘எஃப்’. நம் சொந்தக் கட்டளைகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ராயல்டி கிடையாது. மென்பொருள் கட்டமைப்பை விவரிக்க வந்த ஆக்மி, எக்ஸ்ஏடிஎல் மொழிகளும் இதே போக்குதான்: சின்ன அடித்தளம், மேலே அவரவர் சேர்க்கை. அவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நின்றன. ரிஸ்க்-ஃபைவ் சிலிக்கானில் இறங்கியது.

பேராசிரியர் காமகோடியின் குழு சக்தியை எழுதியது ப்ளூஸ்பெக்கில். ஐஐடி கான்பூரில் படித்து எம்ஐடியில் பேராசிரியரான அர்விந்தின் ஆய்வில் கிளைத்த மொழி அது. வெரிலாகில் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் எந்தக் கம்பியில் என்ன போகிறது என்று நாமே கணக்கு வைக்க வேண்டும். (என் கண்ணாடியின் பவர் ஏறியது அப்படித்தான்.) ப்ளூஸ்பெக்கில், ‘வரிசையில் இடமிருந்தால் இதை உள்ளே தள்ளு’ என்று விதி எழுதினால் போதும். இரண்டு விதிகள் மோதினால் எது முதலில் என்பதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது சுலபம். மாணவர்கள் வருவதும் பட்டம் வாங்கிப் போவதுமாக இருக்கும் இடத்தில், இந்தக் குணம் இல்லாவிட்டால் ஒரு ப்ராசஸர் தேறியிருக்காது என்பது என் கட்சி.

2018ல் சக்தியின் ‘ரைஸ்க்ரீக்’ சில்லு இன்டெலின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டரில் தயாராகி வந்தது; அதில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு ‘ரிமோ’ சண்டிகரை ஒட்டிய மொகாலியில் 180 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. பழைய நுட்பம்தான். ஆனாலும் வடிவமைப்பு, வார்ப்பு இரண்டும் இந்த மண்ணிலேயே நடந்ததால் எனக்கு ரிமோதான் ஒரு படி மேல்.

ஒரு குறை இருந்தது. சக்தியின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. அதைக் கம்பைல் செய்யும் ப்ளூஸ்பெக் கருவியோ 2020 வரை வணிக உரிமத்துக்குள் இருந்தது. இப்போது அந்தத் தடையும் இல்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, சக்தியில் சின்னதான ‘ஈ’ வகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டளை ஒன்றைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.