நெல்லின் பெயரும் நெல்லின் செய்தியும்

மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன், சுவந்தல் என்பன இலங்கைக் கமக்காரர் தம் நெல்லினங்களுக்கு இட்ட பெயர்களுட் சில. பெயர் சிலவேளை நெல்லின் நிறத்தையோ தோற்றத்தையோ காட்டும். ஆனால் அந்நெல் எந்நிலத்துக்கு ஏற்றது, எத்தனை மாதத்தில் விளையும், பசளை குறைந்தாலும் தாங்குமா என்னும் செய்திகள் பெயரில் அடங்கா. அவை விதைத்தவர் நெஞ்சில் இருந்தன. வரம்பில் நின்று தந்தை மகனுக்குச் சொன்ன சொல்லே அவற்றுக்கு ஏடாயிற்று.

1950களில் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் எக்டர் வீரரத்தின என்பார், முருங்கைக்காயன் 302 என்னும் உள்ளூர்த் தெரிவை இந்தோனேசிய நெல்லான மாஸ் என்பதனோடு கலந்தார். அதன் பயன் எச்-4 என்னும் இனம். எரிபந்த நோயைத் தாங்கி நிறைந்த விளைவு தந்த அந்நெல் 1958ஆம் ஆண்டளவில் வெளியாகி விரைந்து பரவிற்று. அதனை ஈன்ற முருங்கைக்காயனோ வயலை விட்டு மெல்ல ஒதுங்கிற்று. பின்னர் இரசாயனப் பசளையை நன்கு ஏற்கும் குட்டை இனங்கள் வரவே, ஏனைய பழைய இனங்களும் அருகின. இதனை வெறும் இழப்பென்பது நியாயமன்று. பெருகிய குடிசனத்துக்குச் சோறு வேண்டியிருந்தது.

ஆயினும் ஒதுங்கியவை பயனற்றவை அல்ல. 1970களில் கபிலத் தத்தி ஆசிய நாடுகளின் வயல்களைக் கருக்கியபோது, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இலங்கையின் ரத்து ஹீனட்டியிலும் பாபாவீயிலும் அப்பூச்சியை எதிர்க்கும் ஆற்றலைக் கண்டனர். பழைய விதை சேமித்து வைக்கப்பட்டிருந்தமையால் அன்றோ அது கைகூடிற்று!

இலங்கையில் அத்தகைய சேமிப்புக்கென 1988இல் கன்னொருவையில் தாவர மரபுவள நிலையம் அமைந்தது. குளிரறையில் விதையும், அது சேகரிக்கப்பட்ட இடம் முதலிய குறிப்புகளும் காக்கப்படுகின்றன.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடைசெய்தது. சேதன எருவை மட்டும் கொண்டு விளையும் நெல் எது என்ற வினா அப்போது திடீரென எழுந்தது. குளிரறைப் பொதியிலுள்ள ஒரு பிடி விதை ஒரு வயலுக்குப் போதாது. பொதியின் குறிப்பு பிறந்த ஊரைக் கூறும். எருவின் அளவையும் விதைக்கும் நாளையும் அறிய, முதிய கமக்காரரைக் கேட்க வேண்டும், அல்லது சிறு பாத்தியில் விதைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்து விதையைப் பெருக்கப் பல போகங்கள் செல்லும். தடையோ அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. இடையில் கழிந்த காலம், நீண்ட வயதுள்ள ஒரு பெரும்போக நெல் விளைந்து முடியும் காலத்திலும் சற்றே மிகுதி.