ஆராய்ச்சி மாணவரும் ஆசிரியர் துணையும்

ஆராய்ச்சி என்னும் சொல் சுங்கை பூலோ வட்டாரத் தமிழர்க்குப் புதியதன்று. 1925-ஆம் ஆண்டில் தோன்றிய இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை இங்கேதான் அமைத்தது. நட்ட கன்று பால்வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதும், அதுவரை களையெடுத்து, எருவிட்டு, நோய் அணுகாது காத்தல் வேண்டும் என்பதும் அங்கு உழைத்த தமிழ் மக்கள் நன்கறிந்த செய்திகள். இன்று முனைவர் எனப்படும் டாக்டர் பட்டத்திற்கு ஆராயும் மாணவர்க்கும் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரைக் காப்பவர் யார்? அவருக்கு எழுதக் கற்பிப்பவர் யார்? இவ்வினாக்களுக்குத் தமிழ்க் கல்வி வரலாற்றிலே விடை உண்டு.

பழைய முறையில் பாடமும் பராமரிப்பும் பிரிந்து நிற்கவில்லை. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த உ. வே. சாமிநாதையர், 1876-இல் ஆசிரியர் மறையும் வரை அவரிடம் கற்றார். பிள்ளையவர்கள் செய்யுள் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதினர்; ஒரு பாட்டு உருவாகும் வகையைக் கண்ணெதிரே கண்டனர். திருவாவடுதுறை மடத்தில் அவர்களுக்கு உணவும் இடமும் கிடைத்தன. மாணவர் அம்மை கண்டு படுத்தபோது ஆசிரியர் உற்ற கவலையைச் சாமிநாதையரின் தன்வரலாறு உரைக்கின்றது. ஆயினும் இம்முறையைக் குறையற்றது எனல் பொருந்தாது. ஆசிரியரின் அருளும் மடத்தின் ஆதரவும் வாய்த்த சிலர்க்கே அக்கல்வி கிட்டியது.

பல்கலைக் கழகங்கள் வாயிலை அகலத் திறந்தன. ஆனால் மாணவரைத் தனியே நடக்க விட்டன. 1948-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் தமிழாராய்ச்சிக்கு முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்றவர் மு. வரதராசனார். தாலுகா அலுவலக எழுத்தராயிருந்த அவர், உடல்நலக் குறைவால் அவ்வேலையை விட்டுத் தமிழ்க் கல்வியிற் புகுந்தவர். தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் வென்றவர். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அவருடைய ஆராய்ச்சி, தமிழைப் பற்றியதாயினும் ஆங்கிலத்தில் அமைந்தது. ஆராயும் சுமையோடு பிறமொழியில் எழுதும் சுமையும் அக்கால மாணவர் தோள்மேல் இருந்தது.

இச்சுமையைத் தாமே உணர்ந்த ஒருவர் பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தார். 1913-இல் ஈழத்திற் பிறந்த தனிநாயக அடிகள் உரோமாபுரியிற் சமயத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆயினும் 1940-இல் வடக்கன்குளம் பள்ளிக்கு வந்த பின்னரே தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். டாக்டர் ஒருவர் மீண்டும் மாணவராய் அமர நாணவில்லை! 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் சேர்ந்து எம்.ஏ., எம்.லிட். பட்டங்களைப் பெற்றார். பின் இலண்டனில், பழந்தமிழ் இலக்கியத்திற் காணும் கல்விக் கருத்துக்களை ஆராய்ந்து, 1957-இல் இரண்டாம் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1961-இல் மலாயாப் பல்கலைக் கழக இந்திய இயல் துறைக்குத் தலைமை ஏற்றபோது, ஒருவர் செய்ததை மற்றவர் அறியாது உழைக்கும் தமிழாய்வாளர் நிலையை மாற்ற முனைந்தார். 1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966 ஏப்ரலில் அதன் முதல் மாநாடு கோலாலம்பூரிற் கூடியது. அவ்வாண்டே தமிழாய்வு நூல்களைத் தொகுத்துக் காட்டும் அவருடைய வழிகாட்டி நூலும் வெளிவந்தது. முன்னோர் எழுதியவை எவை என்று தெரிந்தால் மாணவரின் அச்சத்தில் பாதி நீங்கும்; எழுதியதைக் கேட்பார் உளர் என்று தெரிந்தால் மறுபாதியும் நீங்கும்.

இன்று மலேசியாவில் தமிழாசிரியர் சிலர் பணியிலிருந்தவாறே டாக்டர் பட்டத்திற்கு ஆராய்கின்றனர். பகலெல்லாம் வகுப்பு, மாலையிற் குறிப்பேடு திருத்தம், எல்லாரும் உறங்கிய பின்னரே ஆய்வேடு. ஓர் இயல் முடியாது நின்றால் அதனை அறிவுக்குறை என்று எண்ணி ஒளிக்கின்றனர். உண்மையில் குறைவது பயிற்சியும் துணையுமே. எழுத்துப் பயிலரங்கும் உளவள ஆலோசனையும் பல்கலைக் கழகங்களில் உள்ளன. அவற்றை நாடுவதை இழுக்கென்று கருதும் மனமே தடை.

அம்மனத்தை மாற்றும் வேலை தொடக்கப் பள்ளியிலேயே தொடங்கலாம். சிவப்பு மையால் திருத்திய கட்டுரையைத் தண்டனையாகக் கொடாமல், ஆசிரியர் அருகிருத்தி, "இதை மறுபடி எழுதிப் பார்ப்போம்" என்று சொன்னால், திருத்தம் பெறுதல் இழிவன்று என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். வட்டாரந்தோறும் ஆராயும் ஆசிரியர் திங்களுக்கு ஒருமுறை கூடி, எழுதிய பக்கங்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவதும் அரிதன்று. மகாவித்துவானின் திண்ணை மீண்டும் வாராது. அங்கிருந்த பரிவை மீட்டல் நம் கையில் உள்ளது.