காமெடி டிராக்: ஓர் இரங்கல்

தமிழ்ப் படங்களில் காமெடி டிராக் எந்த வெள்ளிக்கிழமை செத்தது என்று யாருக்கும் தெரியாது. போஸ்டர் ஒட்டவில்லை, சங்கு ஊதவில்லை.

1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ அப்பட்டமான அழுகைப் படம். கல்யாணமானதும் தாலியறுத்த பெண் ஒரு பக்கம், காதலியைப் பறிகொடுத்துவிட்டு ஊரோரம் கிடக்கும் வெள்ளைச்சாமி ஒரு பக்கம். நடுவில் ஆல்-இன்-ஆல் அழகுராஜாவாக வரும் கவுண்டமணியின் சைக்கிள் கடை. பெட்ரோமாக்ஸ் மேண்டில் எப்படி எரியும் என்று செந்திலுக்குச் சந்தேகம். கவுண்டமணி விளக்குகிறார். செந்தில் அதைக் கையால் அமுக்கிப் பார்க்கிறார். மேண்டில் சாம்பலாக உதிர்கிறது.

அந்த மேண்டிலுக்கும் வைதேகிக்கும் கதையில் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்தப் பகுதியை எழுதியவரே வேறு ஆள், ஏ. வீரப்பன். கலைவாணர் காலத்திலிருந்து வந்த வழக்கம்தான்: கதை ஒருவர் பொறுப்பு, சிரிப்பு இன்னொருவர் பொறுப்பு. ‘கதையோடு ஒட்டவில்லை’ என்று விமர்சகர்கள் விடாமல் குறை சொன்னார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் குறை சொன்னதாக நினைவில்லை. மூக்கைச் சிந்திய கையோடு சிரித்தார்கள். சிரித்த வாய் மூடுமுன் மறுபடி அழுதார்கள்.

டிராக் ஒன்றும் உத்தமன் இல்லை. நிறத்தையும் உடம்பையும் கேலி செய்தது, பெண்களை மட்டம் தட்டியது. அந்தப் பகுதிக்கு என்னிடம் கண்ணீர் கிடையாது.

பிறகு நாயகர்களே சிரிக்க வைக்கக் கிளம்பினார்கள். படங்களின் நீளம் குறைந்தது. கதைக்கு உதவாத காட்சிக்கு முதலில் கத்தரி விழுந்தது. சிரிப்பு நடிகர்கள் நாயகர்களானார்கள்: 2006இல் வடிவேலு புலிகேசி. 2009இல் பரோட்டா தின்று பேர் வாங்கிய சூரி, 2023இல் ‘விடுதலை’யில் துப்பாக்கி தூக்கிய கான்ஸ்டபிள். நன்றாகவே நடித்தார், அது வேறு.

மேண்டில்தான் சாகவில்லையே, ஆதித்யா, சிரிப்பொலி சேனல்களில் தினம் உதிர்கிறதே என்பீர்கள். உதிர்கிறது, தனியாக. பக்கத்தில் வைதேகி இல்லை. அவள் அழுகையை வெட்டிவிட்டுத்தான் அந்தத் துண்டு ஓடுகிறது. கவுண்டமணி அன்று எந்தப் பாரத்தை இறக்கி வைத்தார் என்று அதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தெரிய வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். சோகப் பாட்டு வரும்போது ஓட்டிவிடாதீர்கள்.